சிப் இல்லாத ஆர்.எஃப்.ஐ.டி. டேக்: எந்த வடிவமைப்பு எதற்குப் பொருந்தும்?

ஒரு பொருள் எது என்பதையும், அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் ஒரே ஒட்டுச்சீட்டைக் கொண்டு தொலைவிலிருந்து அறிய வேண்டும் என்ற தேவை எழும்போது, சிப் இல்லாத ஆர்.எஃப்.ஐ.டி. (ரேடியோ அலையால் அடையாளம் காணும் முறை) டேக் என்ற யோசனை பேச்சில் அடிபடத் தொடங்குகிறது. அதற்கான வடிவமைப்புகளோ ஒன்றல்ல, பல. அவற்றை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் எத்தனை பிட் அடங்கும் என்பதையே முதல் அளவுகோலாக வைக்கிறார்கள். அந்த வரிசை தவறானது என்பது என் உறுதியான கருத்து. டேக்கிலிருந்து திரும்பும் மெல்லிய எதிரொலியைச் சுற்றுப்புறத்தின் எதிரொலிகளிலிருந்து அலையை அனுப்பிப் படிக்கும் கருவியான ரீடரால் பிரித்தெடுக்க முடியுமா என்பதே முதல் கேள்வி. பொருளின் நிலையை அளக்கும் உணரியின் மாற்றத்தை அடையாள எண்ணின் மாற்றத்திலிருந்து பிரிக்க முடியுமா என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் விடை கிடைத்த பிறகுதான் பிட்களை எண்ணுவதில் பொருள் இருக்கிறது.

சிப் இல்லாத டேக்கில் ஆற்றலைச் சேமிக்கும் பகுதியும் இல்லை, முடிவெடுக்கும் சுற்றும் இல்லை. குறிப்பிட்ட வடிவில் அமைந்த உலோகக் கோடுகளோ, ஒரு படிகத்தின் மேல் வரைந்த மின்முனைகளோதான் அதில் இருக்கின்றன. ரீடர் அனுப்பும் அலை அந்த வடிவத்தைத் தொட்டுத் திரும்பும்போது வடிவத்தின் முத்திரையைச் சுமந்து வருகிறது. இது புதிய எண்ணமன்று. 1945இல் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதருக்குப் பரிசாக வழங்கப்பட்ட மரச் சின்னத்துக்குள் சோவியத் கண்டுபிடிப்பாளர் லெவ் தெர்மின் வடிவமைத்த ஒட்டுக்கேட்பான் ஒளிந்திருந்தது. 1952இல்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. மின்கலமே இல்லாத அந்தக் கருவியில் ஓர் ஆன்டெனாவும், பேச்சொலிக்கு ஏற்ப அதிரும் மெல்லிய சவ்வை உடைய ஒத்ததிர்வுக் குழியும் மட்டுமே இருந்தன. இன்றைய சொற்களில் அதைச் சிப் இல்லாத உணரி என்றே வகைப்படுத்தலாம். கடைகளில் திருட்டைத் தடுக்கப் பயன்படும் 8.2 மெகாஹெர்ட்ஸ் சீட்டும் அப்படிப்பட்டதே. இருக்கிறதா, இல்லையா என்ற ஒரே ஒரு பிட்டைச் சுமக்கும் சிப் இல்லாத டேக் அது.

வடிவமைப்புகளைத் தமக்குள் ஒப்பிடும் முன், சிப் உள்ள டேக்கோடு ஒப்பிட்டாக வேண்டும், ஏனெனில் பல திட்டங்களுக்கு அதுவே சரியான விடை. யு.எச்.எஃப். என்ற மீவுயர் அதிர்வெண் பட்டையில் இயங்கும் சிப், சுமார் 10 மைக்ரோவாட் கிடைத்தாலே விழித்துக்கொள்ளும்; பத்து மீட்டர் தொலைவிலும் 96 பிட் எண்ணைத் தெளிவாகச் சொல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் முறை வரும்வரை பேசாமல் இருக்க அதற்குத் தெரியும். சிப் இல்லாத டேக்குக்கு அந்த ஒழுங்கு இல்லை. அலை பட்டவுடன் எல்லா டேக்குகளும் ஒரே நேரத்தில் விடையளிக்கின்றன. ஒரு பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான பொருள்களை ஒரே வீச்சில் எண்ண வேண்டுமென்றால், இந்த ஒப்பீட்டை இங்கேயே நிறுத்திவிட்டுச் சிப் டேக்கை வாங்குவதே அறிவுடைமை. சிப் டேக்கின் விலையும் ஆண்டுக்காண்டு இறங்கி வந்திருப்பதால், மலிவு என்ற ஒரே காரணம் சிப் இல்லாத டேக்கைத் தாங்கி நிற்காது. சிப் பிழைக்க முடியாத வெப்பத்திலும் கதிர்வீச்சிலும், சிப்பைப் பொருத்தும் படியே இல்லாமல் நேரடியாக அச்சிட வேண்டிய இடங்களிலும், அடையாளம் தரும் அதே உலோகக் கோடே உணரியாகவும் இருக்க வேண்டிய இடங்களிலும்தான் அது தன் தகுதியைக் காட்டுகிறது.

இனி முதல் கேள்விக்கு வருவோம். 5 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 6 சென்டிமீட்டர். குறுக்கிணைத்த அரை அலைநீள இருமுனை ஆன்டெனா ஒன்றின் ரேடார் குறுக்குப்பரப்பு (எவ்வளவு பெரிய எதிரொலியைத் திருப்புகிறது என்பதன் அளவு), ஒத்ததிர்வின்போது, அலைநீளத்தின் வர்க்கத்தில் ஏறத்தாழ 0.86 மடங்கு. அதாவது சுமார் 31 சதுர சென்டிமீட்டர். அதே அதிர்வெண்ணில், நேர் எதிரே நிற்கும் 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள சாதாரண உலோகத் தகட்டின் குறுக்குப்பரப்பு சுமார் 0.35 சதுர மீட்டர். டேக்கைவிட நூறு மடங்குக்கும் அதிகம். தொலைவு இரட்டித்தால் எதிரொலியின் திறன் பதினாறில் ஒன்றாகக் குறையும் என்பதை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். ஆனால் உண்மையான தடை அதுவன்று. 1 மில்லிவாட் அனுப்பி, இருபுறமும் 12 டெசிபெல் ஈட்டம் (அலையை ஒரே திசையில் குவிக்கும் அளவு) உள்ள ஆன்டெனாக்களை வைத்தால், 2 மீட்டர் தொலைவிலிருந்து திரும்பும் திறன் சுமார் 90 பிகோவாட். 1 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் ஏற்பியின் இரைச்சலைவிட இது பத்து லட்சம் மடங்குக்கு மேல் பெரியது. ஆகவே டேக்கின் குரலை இரைச்சல் மூழ்கடிப்பதில்லை; சுவரும், இரும்புச் சட்டமும், கடந்து செல்லும் மனிதரும் திருப்பி அனுப்பும் எதிரொலிகளே மூழ்கடிக்கின்றன. எந்த வடிவமைப்பையும் இந்த உரைகல்லில்தான் உரைத்துப் பார்க்க வேண்டும்.

நேரத்தின் வழியாகப் பிரிப்பது முதல் வழி. ஒரு துடிப்பை அனுப்பி, டேக்கின் எதிரொலிகள் எந்தெந்தக் கணத்தில் திரும்புகின்றன என்பதையே எண்ணாகப் படிக்கலாம். அச்சிட்ட தாமதக் கோட்டால் இதைச் செய்ய முயன்றால் இயற்பியல் இடம் கொடுப்பதில்லை. கோட்டில் அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் என்பதால், 1 நானோநொடி இடைவெளிக்கு, போக வர, 10 சென்டிமீட்டர் நீளம் தேவை. எட்டு பிட்டுக்கு 80 சென்டிமீட்டர் கோட்டை வளைத்து வளைத்து மடிக்க வேண்டும். சில பிட் போதும் என்ற இடத்தைத் தவிர வேறெங்கும் இதைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை.

அதே எண்ணம் மேற்பரப்பு ஒலியலை டேக்கில் முற்றிலும் வேறொரு உயரத்தை எட்டுகிறது. ஆன்டெனா வாங்கிய ரேடியோ அலையை, லித்தியம் நயோபேட் படிகத்தின் மேலுள்ள சீப்பு வடிவ மின்முனைகள் ஒலியலையாக மாற்றுகின்றன. அந்த அலை நொடிக்கு 4 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில், அதாவது ஒளியைவிடச் சுமார் 75,000 மடங்கு மெதுவாக, படிகத்தின் பரப்பில் ஊர்ந்து, வழியிலுள்ள எதிரொளிப்பான்களில் பட்டுத் திரும்பி, மீண்டும் ரேடியோ அலையாகிறது. 1 மைக்ரோநொடித் தாமதத்துக்கு 2 மில்லிமீட்டர் படிகம் போதும். முப்பது மீட்டர் தொலைவிலுள்ள சுவரின் எதிரொலிகூட 0.2 மைக்ரோநொடியில் திரும்பிவிடுகிறது. ஆகவே டேக் பேசத் தொடங்கும்போது சுற்றுப்புறம் ஏற்கெனவே அமைதியாகியிருக்கும். முதல் கேள்விக்கு இவ்வளவு நேர்த்தியான விடையை வேறெந்த வடிவமைப்பும் தருவதில்லை.

உணர்வதிலும் இதன் வலிமை பெரிது. 128 பாகை வெட்டுடைய லித்தியம் நயோபேட்டில் வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் உயர்ந்தால் தாமதம் பத்து லட்சத்தில் சுமார் 75 பங்கு மாறுகிறது. 2 மைக்ரோநொடித் தாமதத்தில் அது 150 பிகோநொடி, 2.45 கிகாஹெர்ட்ஸில் கட்டத்தின் (அலை தன் சுழற்சியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதன்) அளவில் பார்த்தால் சுமார் 132 கோணப் பாகை. அவ்வளவு பெரிய மாற்றத்தை அளப்பது எளிது. மூன்று பாகை வெப்பம் மாறுவதற்குள் கட்டம் ஒரு முழுச் சுற்றைத் தாண்டிவிடுவதால் எந்தச் சுற்று என்ற குழப்பம் வரும். வெவ்வேறு தொலைவில் எதிரொளிப்பான்களை வைத்து, குறுகிய இடைவெளியைத் தோராயத்துக்கும் நீண்ட இடைவெளியைத் துல்லியத்துக்கும் பயன்படுத்தி அதைத் தீர்க்கிறார்கள். உலைக்குள் வைக்க வேண்டுமென்றால் லாங்கசைட் படிகம் இருக்கிறது. ஏறத்தாழ 1,470 பாகை செல்சியஸில் உருகும்வரை அதன் படிக அமைப்பு மாறுவதில்லை. அந்த வெப்பத்தை எட்டுவதற்கு நெடுநேரம் முன்பே மின்முனை உலோகமும் இணைப்புகளும் தளர்ந்துவிடும் என்பதால், அங்கே கவனம் படிகத்தைவிட உலோகத்தின் மேல்தான் இருக்க வேண்டும்.

இதன் குறையும் தெளிவானது. 2.45 கிகாஹெர்ட்ஸில் ஒலியலையின் நீளம் 1.6 மைக்ரோமீட்டர், மின்முனையின் ஒரு விரல் சுமார் 0.4 மைக்ரோமீட்டர் அகலம். இதை எந்த மையாலும் அச்சிட முடியாது. குறைக்கடத்தித் தொழிற்சாலையின் ஒளிச்செதுக்கல் வேண்டும், பிறகு படிகத்தை ஆன்டெனாவோடு இணைத்து உறையிடவும் வேண்டும். பெயரளவில் சிப் இல்லையென்றாலும் சிப்பின் செலவுகளில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடுகிறது. சுழலும் தண்டு, உயர் மின்னழுத்தச் சாதனம், சூளை வண்டி போன்ற விலைமதிப்புள்ள பொருளுக்கு அது பொருட்டில்லை. தூக்கி எறியும் அட்டைப் பெட்டிக்குப் பொருந்தாது.

அச்சிடக்கூடிய டேக் வேண்டுமென்றால் அதிர்வெண் வழிக்குத்தான் வர வேண்டும். பல ஒத்ததிர்விகளை (ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் மட்டும் வலுவாக அதிரும் உலோக வடிவம்) ஒரே சீட்டில் வைத்து, எந்தெந்த அதிர்வெண்ணில் பள்ளமோ மேடோ தெரிகிறது என்பதை எண்ணாகப் படிப்பது இம்முறை. இதில் இரண்டு மரபுகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகக் குழு வளர்த்த மரபில், ஓர் ஆன்டெனா அலையை வாங்க, சுருள் ஒத்ததிர்விகள் வரிசையாக அமைந்த கோட்டின் வழியே அது சென்று, முதலாவதற்குச் செங்குத்தாகத் திரும்பிய மற்றோர் ஆன்டெனா வழியே வெளியேறுகிறது. 2009இல் அக்குழு 35 பிட் டேக்கை இவ்வழியில் செய்து காட்டியது. பிரான்சின் கிரெனோபிள் குழு வளர்த்த மரபில் ஆன்டெனாவும் ஒத்ததிர்வியும் ஒன்றே. ஒவ்வோர் உலோகத் துண்டும் தானே அலையை வாங்கி, தானே ஒத்ததிர்ந்து, தானே சிதறுகிறது. ஐந்து ஒத்ததிர்விகளைக் கொண்டு 2க்கு 4 சென்டிமீட்டர் பரப்பில் சுமார் 23 பிட் அடக்கியது அவர்களுடைய புகழ்பெற்ற சோதனைகளில் ஒன்று. முதல் மரபில் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே வடிவமைக்கலாம், கணிப்பும் நடப்பும் நன்றாகப் பொருந்தும்; ஆனால் இரண்டு அகலப்பட்டை ஆன்டெனாக்களே சீட்டின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். இரண்டாவது மரபில் இடம் மிச்சமாகும், எதிரொலியும் வலுக்கும். ஆனால் ஒரு துண்டை மாற்றினால் அண்டைத் துண்டுகளின் அதிர்வெண்ணும் நகரும். கண்காணிப்பும் உணர்தலும் சேர்ந்து வரும் பெரும்பாலான தேவைகளுக்கு நான் இரண்டாவதைத்தான் தேர்வேன்.

அந்தத் தேர்விலும், சிதறி வரும் அலையின் மின்புலத் திசை மாறியிருக்கும்படி வடிவமைப்பது இன்றியமையாதது. செங்குத்து மின்புலத்தோடு அனுப்பிய அலையைச் சுவரும் தகடும் பெரும்பாலும் செங்குத்தாகவே திருப்பியனுப்புகின்றன. 45 பாகை சாய்ந்த ஒத்ததிர்விகளோ கிடைத்திசையிலும் ஒரு பங்கை அனுப்புகின்றன. ரீடர் கிடைத்திசையை மட்டும் கேட்டால் சுற்றுப்புறத்தின் கூச்சல் பெருமளவு அடங்கிவிடுகிறது. சாய்வான விளிம்புகளும் கம்பிகளும் உள்ள இடத்தில் இது முழுமையாக வேலை செய்யாது என்றாலும், மின்புலத் திசையை மாற்றாத டேக்கோடு ஒப்பிட்டால் இதன் பயன் ஐயத்துக்கு இடமின்றித் தெரியும்.

இன்னொரு துணை, ஒத்ததிர்வியின் தரக்காரணி, அதாவது வாங்கிய ஆற்றலை இழக்காமல் அது எவ்வளவு நேரம் அதிரும் என்பதன் அளவு. தரக்காரணி 100 உள்ள ஒத்ததிர்வி 4 கிகாஹெர்ட்ஸில் சுமார் 8 நானோநொடி நேரம் தொடர்ந்து ஒலிக்கிறது. அந்த நேரத்தில் அலை போய்த் திரும்பக்கூடிய தொலைவு 1.2 மீட்டர். டேக்குக்குப் பின்னால் அந்தத் தொலைவுக்குள் பெரிய உலோகம் இல்லையென்றால், முதல் பளிச்சென்ற எதிரொலி கடந்த பிறகு ரீடர் தன் காதைத் திறந்து டேக்கை மட்டும் கேட்கலாம். தரக்காரணி 20 என்றால் அந்த வாய்ப்பு 24 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். தரக்காரணி உயர உயர, சிதறும் அலையின் வலு குறையவும் கூடும் என்பதால் இரண்டுக்கும் இடையே ஒரு சமநிலை காண வேண்டும்.

இங்கேதான் அடித்தளப் பொருளும் மையும் முடிவைத் தீர்மானிக்கின்றன. அலையின் ஆற்றலைப் பொருள் எவ்வளவு விழுங்கும் என்பதைக் காட்டும் இழப்புக் காரணி, காகிதத்தில் 0.06 அளவில் இருந்தால், புலம் முழுவதும் காகிதத்துக்குள் அடங்கிய ஒத்ததிர்வியின் தரக்காரணி ஏறத்தாழ 17ஐத் தாண்டாது. புலத்தின் ஒரு பகுதி காற்றில் பரவுவதால் நடைமுறையில் சற்று உயரும், அவ்வளவுதான். பி.இ.டி. என்ற நெகிழிப் படலம் இதைவிடப் பல மடங்கு மேல். மையைப் பொறுத்தவரை, தாமிரத்தில் 3 கிகாஹெர்ட்ஸ் மின்னோட்டம் மேலிருந்து 1.2 மைக்ரோமீட்டர் ஆழத்திலேயே அடங்கிவிடுகிறது. கடத்துதிறன் பத்தில் ஒரு பங்காக உள்ள வெள்ளி மையில் அது ஏறத்தாழ 4 மைக்ரோமீட்டர் ஆகிறது. ஒரே அடுக்கு இங்க்ஜெட் அச்சு இந்தத் தடிமனை எட்டுவதில்லை. திரை அச்சு எட்டும். ஆனால் திரை அச்சுக்கு ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு திரை வேண்டியிருக்கும் என்பது, ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு டேக்கைச் செய்து பார்க்கிறவர்கள் கவனிக்கத் தவறும் சங்கதி. எல்லா டேக்கையும் ஒரே வடிவில் திரை அச்சில் அடித்துவிட்டு, பிறகு லேசரால் கோடுகளை வெட்டியோ சிறு துளி மையால் குறுக்கிணைத்தோ எண்ணை எழுதுவது நல்ல வழி.

உணர்தலுக்கு வருவோம். ஒத்ததிர்வு அதிர்வெண் சூழ்ந்துள்ள பொருளின் விடுதிறனுடைய (மின்புலத்துக்கு அது இணங்கும் அளவினுடைய) வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. ஈரத்தை உறிஞ்சும் பாலிவினைல் ஆல்கஹாலையோ பாலிஇமைடையோ ஒரு ஒத்ததிர்வியின் மேல் பூசினால், பயனுறு விடுதிறன் 5 விழுக்காடு மாறும்போது 4 கிகாஹெர்ட்ஸில் சுமார் 100 மெகாஹெர்ட்ஸ் நகர்வு கிடைக்கும்; புலத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே பூச்சுக்குள் இருந்தால் அது சுமார் 20 மெகாஹெர்ட்ஸாகக் குறையும். எனவே புலம் செறிந்திருக்கும் இடைவெளியில் பூசுவதே முறை. இழுவிசை உணரி இதைவிடக் கடினம். 1,000 மைக்ரோ இழுவிகாரம் என்பது நீளத்தில் 0.1 விழுக்காடு, 4 கிகாஹெர்ட்ஸில் 4 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே நகரும். தரக்காரணி 100 உள்ள ஒத்ததிர்வியின் அகலமே 40 மெகாஹெர்ட்ஸ் என்பதால், காகிதத்தில் அச்சிட்ட டேக்கால் இழுவிசையை அளக்க முற்படுவது வீண் முயற்சி.

இந்த நகர்வுகள் எல்லாவற்றையும் விழுங்கக்கூடிய ஒன்று உண்டு. பின்புறம் உலோகத் தளம் (பின்தளம்) இல்லாத ஒற்றையடுக்கு டேக்கை எந்தப் பொருளின் மேல் ஒட்டுகிறோமோ அந்தப் பொருளே அதன் அதிர்வெண்ணை நகர்த்துகிறது. வெற்று அட்டையில் ஒரு அளவும் நீர் நிறைந்த புட்டியில் வேறொரு அளவும் காட்டும் டேக், ஈரப்பதத்தைப் பற்றிச் சொல்வதை எப்படி நம்புவது? முழு உலோகப் பின்தளம் இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கும். உலோகப் பொருளின் மேலும் டேக் வேலை செய்யும். விலையாக, இரண்டு பக்கமும் உலோகமும் இடையே போதிய தடிமனும் வேண்டும். ஒற்றையடுக்கைக் கைவிட முடியாதவர்கள், பூச்சு இல்லாத ஒத்ததிர்வி ஒன்றை ஒப்பீட்டுக்காக வைத்து, பூச்சுள்ளதன் நகர்விலிருந்து அதன் நகர்வைக் கழிக்க வேண்டும். பின்தளம் இருந்தாலும் இந்த ஒப்பீட்டு ஒத்ததிர்வியை விடக் கூடாது. ஈரப் பூச்சு வெப்பத்துக்கும் அசைந்து கொடுக்கும் என்பதால், வெப்பத்தைத் தனியே சொல்லும் ஒன்று அருகில் இருந்தாக வேண்டும்.

பிட் கணக்கை இப்போது பார்க்கலாம். 3.1 முதல் 6.1 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையை ஆறு ஒத்ததிர்விகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 500 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். அதை 50 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பத்து இடங்களாகப் பிரித்தால் மொத்தம் சுமார் 20 பிட். துல்லியத்தை இரட்டித்து 25 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தால், ஒத்ததிர்விக்கு ஒரு பிட் கூடி, 26 பிட்தான் ஆகிறது. ஆறு பிட்டுக்காக ரீடரின் துல்லியம், அச்சின் துல்லியம், மையின் தரம் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. இரண்டு ஒத்ததிர்விகளை உணரிக்கும் ஒப்பீட்டுக்கும் ஒதுக்கி, மீதி நான்கில் 50 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியோடு 13 பிட் வைத்தால் பத்தாயிரம் வெவ்வேறு எண்கள் கிடைக்கும். தொகுதி எண்ணோ பொருள் வகையோ போதும் என்ற இடத்தில் அது தாராளம். உலகளாவிய தனி எண் வேண்டுமென்பவர் சிப்பிடமோ அச்சிட்ட கியூ.ஆர். போன்ற கட்டக் குறியீட்டிடமோதான் போக வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் பிணையப் பகுப்பாய்வி என்ற துல்லிய அளவீட்டுக் கருவியை வைத்துக் காட்டிய முடிவுகளைப் படிக்கும்போது, விதிமுறையையும் நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்.சி.சி. 2002இல் 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரை அகலப்பட்டைப் பயன்பாட்டை அனுமதித்தது. ஆனால் ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் சுமார் 75 நானோவாட் சராசரித் திறன்தான் வரம்பு. பட்டை முழுவதையும் நிரப்பினாலும் மொத்தம் 0.56 மில்லிவாட். யு.எச்.எஃப். ரீடருக்கு அங்கே 4 வாட் வரை, அதாவது சுமார் ஏழாயிரம் மடங்கு, இடமுண்டு. குறுகிய துடிப்புகளால் படிக்கும் ரீடரே இந்த வரம்போடு இயல்பாக ஒத்துப்போகிறது. மேற்பரப்பு ஒலியலை டேக் 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள பொதுப் பட்டைக்குள்ளேயே அடங்கிவிடுவதால் அதற்கு இந்த நெருக்கடி இல்லை. இதுவும் அதன் பக்கம் சேர வேண்டிய வலுவான வாதம்.

ஆகவே, பொருள் விலைமதிப்புடையதாகவும், சூழல் கொதிப்பதாகவோ சுழல்வதாகவோ, சில மீட்டர் தொலைவிலிருந்து துல்லியமான வெப்ப அளவு தேவைப்படுவதாகவும் இருந்தால், மேற்பரப்பு ஒலியலை டேக்கைத் தயங்காமல் எடுக்கலாம். பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக ரீடரைக் கடக்கின்றன, தொலைவு அரை மீட்டருக்குள், ஈரப்பதத்தின் படிநிலை தெரிந்தால் போதும், டேக் அச்சகத்திலேயே உருவாக வேண்டும் என்றால், பி.இ.டி. படலத்தில் 45 பாகை சாய்ந்த சிதறல் ஒத்ததிர்விகளே பொருத்தம். பொருளின் உள்ளடக்கம் மாறக்கூடியதென்றால் பின்தளத்துடன். காகிதத்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், எண்ணைக் கைவிட்டு, "ஈரம் பட்டதா" என்ற ஒரே விடையை மட்டும் அந்த டேக்கிடம் கேட்பது நல்லது. எண்ணை அதே காகிதத்தில் சாதாரணப் பட்டைக் குறியீடாக அச்சிட்டுவிடலாம்.

வடிவத்தை உறுதிசெய்யும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பூச்சுள்ளது ஒன்று, பூச்சில்லாதது ஒன்று என இரண்டே ஒத்ததிர்விகளைக் கொண்ட டேக்கை, உண்மையில் பயன்படப்போகும் மையாலும் படலத்தாலும் அச்சிட்டு, உண்மையான இடத்தில், உண்மையான பொருளின் மேல் ஒட்டி, ஆட்களும் வண்டிகளும் நடமாடும் வேலை நேரம் முழுவதும் படிக்க வேண்டும். பூச்சில்லாத ஒத்ததிர்வியின் அளவீடு எவ்வளவு சிதறுகிறதோ, அதன் சில மடங்கே ஓர் இடத்தின் அகலமாக இருக்க முடியும். ஒவ்வோர் ஒத்ததிர்விக்கும் கிடைக்கும் பட்டைப் பங்கை அந்த அகலத்தால் வகுத்தால் இடங்களின் எண்ணிக்கை கிடைக்கும்; அதிலிருந்து டேக்குக்குக் கிடைக்கக்கூடிய பிட்களின் எண்ணிக்கை தெரிந்துவிடும்.